ஏரில் பூட்டப்பட்டவர்: உறவுமொழிப் பெயர்ப்பில் உழைப்புச் சொற்கள்

கன்னடமும் தமிழும் ஒரு குடும்பத்து மொழிகள். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ப்பது எளிது என்னும் கருத்து மொழிபெயர்ப்பாளரிடையே பரவலாக உண்டு. கருத்துநிலைச் சொற்களைப் பொறுத்தவரை இஃது ஓரளவு உண்மையாகலாம். உழவரும் கூலியாளும் அன்றாடம் புழங்கும் சொற்களிலோ இவ்வுறவே இடர் விளைக்கிறது. கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் (1954–2021) தன்வரலாறான ‘ஊரு கேரி’, பாவண்ணனின் தமிழாக்கத்தில் ‘ஊரும் சேரியும்’ ஆனமை இதனை ஆராய ஏற்ற களமாகும்.

முதலில் தலைப்பு. கேரி, சேரி ஆகியன ஒரே வேரின. முன்னுயிருக்கு முன் வரும் ககரம் தமிழில் சகரமாதல் (கிவி – செவி, கெய் – செய்) மொழியியலார் நன்கறிந்தது. ஒலி ஒத்தாலும் பொருள் முற்றும் ஒக்கவில்லை. கன்னடத்தில் கேரி இன்றும் தெரு என்னும் பொதுப்பொருளை இழக்கவில்லை. ஊரு என்னும் சொல்லுக்கு எதிரே நிற்கும்போதுதான் அது தீண்டாமையின் எல்லைக்கோடாகிறது. தமிழிலும் சேரி ஒருகாலத்தில் பொதுச்சொல்லே. சோழர்காலக் கல்வெட்டுகளில் பிரமதேயக் குடியிருப்புகளின் பகுதிகளும் சேரிகளே. பறைச்சேரி, கம்மாணச்சேரி என அடைகொடுத்தே வேறுபடுத்தினர். பின்னர் அடை உதிர்ந்தது. இழிவு மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. ஆகவே மூலத்தில் இரு சொற்களின் எதிர்நிலையால் பிறக்கும் பொருளைத் தமிழ்த் தலைப்பில் ‘சேரி’ என்னும் ஒரு சொல்லே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. இதனைக் குறையெனல் பொருந்தாது. வேறு சொல்லை நாடியிருப்பின் உறவும் போயிருக்கும், கூர்மையும் போயிருக்கும்.

உண்மையான சோதனை நூலின் தொடக்கக் காட்சியில் உள்ளது. மாகடி வட்டத்து மஞ்சனபெலெயில் நிலக்கிழார் ஒருவரின் வயலில் இரண்டு ஆட்கள் நுகத்தைத் தோளில் ஏந்தி ஏர் இழுக்கின்றனர். மூன்றாமவர் பின்னிருந்து உழுகிறார். சிறுவனுக்கு அது வேடிக்கை. இழுப்பவருள் ஒருவர் தன் தந்தை என்பதை அறிந்தபின் அது வேடிக்கையாக இல்லை. சிற்றூர்க் கூலியுழவர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் இச்சில வரிகளில் அடங்கிவிடுகிறது.

இக்காட்சியின் அதிர்ச்சி உவமையில் இல்லை, வினையில் உள்ளது. தமிழில் ‘பூட்டு’ என்னும் வினை உழவைப் பேசுகையில் மாட்டையே செயப்படுபொருளாக எதிர்நோக்கும். அவ்விடத்தில் ஆள் வந்து நிற்பதே கொடுமை. ஆகவே ‘பூட்டு’ என்னும் அஃறிணைக்குரிய வினையும், ‘நடந்தனர்’ என்னும் உயர்திணை விகுதியும் அருகருகே நிற்றல் வேண்டும். ‘மாடுகளைப் போல நடந்தன’ என்று திணையை மாற்றினால் அது கவித்துவமாகத் தோன்றலாம். ஆனால் வாசகரை ஏமாற்றும். கட்டையோ மனிதனோ எனத் திணையில் ஐயம் எழுமிடத்து எவ்வாறு சொல்லல் வேண்டும் என்பதற்குத் தொல்காப்பியம் வழிவகுத்துள்ளது. இங்கே அத்தகைய ஐயமே இல்லை. மனிதர் என்று தெரிந்தே பூட்டியிருக்கின்றனர். அவரு, அவு என்னும் இவ்வேறுபாடு கன்னடத்திலும் இருத்தலின், தமிழில் அதனைக் காத்தல் கடினமன்று.

மற்றோர் இடரும் உண்டு. தமிழில் ஏர் வெறும் கருவிப்பெயரன்று. குறளின் உழவு அதிகாரமும், கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபதும், சித்திரையில் பொன்னேர் பூட்டும் வழக்கமும் அச்சொல்லுக்கு ஒரு மங்கலத்தை ஏற்றிவைத்துள்ளன. பிறர் நிலத்தில் நுகம் சுமந்தவரின் கதைக்குள் இம்மங்கலம் அழையா விருந்தாக நுழைகிறது. சொல்லைத் தவிர்க்க இயலாது, அடைமொழிகளையேனும் தவிர்க்கலாம். சித்தலிங்கையாவின் நடை புலம்பாத நடை, நகைப்பும் கலந்தது. ‘பரிதாபமாக’ என ஓரிடத்தில் சேர்த்தாலும் அந்நடை குலையும்.

பழைய மைசூர்ப் பகுதி வேளாண் வாழ்வைப் பேசும் எழுத்தில் தவிர்க்கவியலாத இரு சொற்கள் கெய்மெ, ஜீத என்பன. கெய்மெ, ‘செய்’ என்பதன் உறவு, வயலுழைப்பைக் குறிப்பது. தமிழில் செய் என்னும் பெயர் நன்செய், புன்செய் என நிலத்தில் தங்கிவிட்டது. வினையோ உழைப்பின் வியர்வையை இழந்து பொதுவினையாயிற்று. உழைப்பையும் துன்பத்தையும் ஒருங்கே சுட்டும் ‘பாடு’ இதற்கு நெருங்கிவரும். ஜீத, சீவிதம் என்பதன் திரிபு. தெலுங்கில் ஜீதம் சம்பளம்; கன்னடத்திலோ கடனுக்கு அடிமைப்பட்ட உழைப்பு. இதற்குப் ‘பண்ணையாள்’ என்றால் காவிரிப் படுகையின் நெல்வயல் கண்முன் வரும். 1952இன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அச்சொல்லை அவ்வட்டாரத்தோடு மேலும் பிணைத்தது. ‘கொத்தடிமை’யோ 1976இன் ஒழிப்புச் சட்டத்தின் மொழி, பாதிக்கப்பட்டவரின் மொழியன்று. ‘ஜீதத்துக்கு இருந்தார்’ என்று மூலச்சொல்லையே இட்டு, சூழலால் பொருளை விளங்கவைப்பதே தக்கது.

இதற்குத் துணை பெங்களூரிலேயே உள்ளது. மஞ்சனபெலெயிலிருந்து வந்த சித்தலிங்கையாவின் குடும்பம் குடியேறிய சீராமபுரம், தமிழ்க் கூலித் தொழிலாளரும் பெருமளவில் வாழும் பகுதி. கூலி, ஆளு போன்ற சொற்கள் அங்கே எம்மொழிக்குரியன எனப் பிரித்தறிய எவரும் முயல்வதில்லை. மேசைமேல் அகராதியுடன் அமரும் மொழிபெயர்ப்பாளர் ‘ராகி’யைக் கேழ்வரகு என்று திருத்துவார், கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்து உழவருக்கு அது ராகியேதான்.