யாருடைய இரைச்சல்? கருவி, பொழுதுபோக்கு, குடும்பம் – சில குறிப்புகள்

1

போன ஆடி மாதம் ஒரு ஹெட்ஃபோன் வாங்குவதென்று முடிவு செய்தேன். வெளிச் சத்தத்தை அடக்கிவிடும் வகை. இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. அம்மா, மனைவி, நாலு வயது மகள், நான். மனைவி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் ஒரு கல்லூரியில் தொகுப்பூதியத்துக்குத் தமிழ் நடத்துகிறவன். எழுத உட்காருவது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். பாத்திரம் கழுவுவது, அம்மாவின் சீரியல், தூங்க மறுக்கிற குழந்தை எல்லாம் அந்த நேரத்தில்தான். மூன்று வாரம் 'எதை வாங்கலாம்' என்கிற வழிகாட்டிகளைத் தேடித் தேடிப் படித்தேன், வீடியோக்கள் பார்த்தேன். ஒருநாள் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இத மாட்டிக்கிட்டா நான் கூப்பிடறது கேக்குமா?"

கேட்காது, அதுக்குத்தானே வாங்குறது என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தது பெண் எழுத்தில் சமையலறை பற்றிய ஒரு கட்டுரை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டால் இந்தக் குறிப்புகளுக்கு அர்த்தம் இல்லை.

2

மேலே சொன்ன வழிகாட்டிகளை ஒரு பிரதியாக வாசிக்கலாம். கேமரா, ஹெட்ஃபோன், மின்புத்தகக் கருவி, கிட்டார், சைக்கிள் என்று பொருள் மாறினாலும் கதையாடல் ஒன்றேதான். 'பரபரப்பான குடும்ப வாழ்க்கைக்கு நடுவில் உங்களுக்கென்று கொஞ்சம் நேரம்' என்று தொடங்கும். இந்த 'உங்களுக்கு' யார்? குழந்தை தூங்கிய பிறகு நேரம் கிடைக்கிறவர். அந்தக் குழந்தையைத் தூங்கவைத்தது யார் என்று பிரதி பேசாது. கருவி சின்னதாக இருக்க வேண்டும், சட்டென்று எடுத்து வைக்கிற மாதிரி இருக்க வேண்டும், சத்தம் போடக் கூடாது. இந்த நிபந்தனைகளில் எல்லாம் குடும்பம் வருகிறது. ஆனால் ஒரு தடையாக மட்டுமே வருகிறது. விருப்பம் உள்ள மனிதர்களாக அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

மிக்ஸியும் கிரைண்டரும் இந்தப் பக்கங்களில் வருவதில்லை. அவற்றுக்கு வேறு பக்கம். அங்கே 'உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது' என்பார்கள். ஒரே வீட்டுக்குள் ஒரு கருவி 'எனக்காக', இன்னொரு கருவி 'குடும்பத்துக்காக'. ஒருவருக்குத் தன்னிலையும் மற்றவருக்குக் கடமையும் இந்தச் சொல்லாடலில் இப்படித்தான் பங்கு பிரித்துத் தரப்படுகின்றன.

நண்பர் ஒருவர் மகன் பிறந்தபோது கேமரா வாங்கினார். குழந்தையைப் படம் எடுக்க என்றுதான் வீட்டில் சொன்னார். இரண்டே வருஷத்தில் நீளமான லென்ஸ் ஒன்று வந்து சேர்ந்தது. இப்போது ஞாயிறு விடியற்காலை அவர் வேடந்தாங்கலில் இருப்பார், இல்லாவிட்டால் பள்ளிக்கரணையில். பியர் பூர்தியு 1965இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து புகைப்படக் கலை பற்றி வெளியிட்ட நூலில், பிரான்சில் குழந்தை உள்ள வீடுகளில்தான் கேமரா அதிகம் இருந்தது என்பதைக் கவனப்படுத்துகிறார். குடும்பத்தின் பெயரால் நுழைகிற கருவி, 'கலை' ஆகும்போது குடும்பத்திலிருந்து வெளியேறுகிறது. நண்பர் எடுத்த நாரைகள் அழகானவை. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி ஊற்றியது யார் என்பது எந்தப் படத்திலும் இல்லை.

'பொழுதுபோக்கு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பொழுது போகாதவனுக்குத்தானே அதைப் போக்க வேண்டிய தேவை? என் அம்மாவிடமிருந்தோ மனைவியிடமிருந்தோ 'பொழுது போகலை' என்ற வாக்கியத்தை நான் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் 'பொழுது பத்தலை' என்பதுதான்.

3

கருவிகளின் வரலாற்றில் இரண்டு மனைவிகள் வந்து போகிறார்கள்.

ஒருவர் சோனி நிறுவனத்தின் அகியோ மொரிட்டாவின் மனைவி. வாக்மேன் 1979இல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பு சோதனைக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து மொரிட்டா பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தான் வெளியே தள்ளப்பட்டதாக உணர்ந்து மனைவி எரிச்சலடைந்ததைக் கவனித்தாராம். 1986இல் வெளியான தன்வரலாற்றில் அவரே இதைச் சொல்கிறார். முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் இருந்தது அதனால்தான். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு தணியும். மைக் வழியாக ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். ஆனால் வாங்கியவர்கள் அதைத் தனக்கே தனக்கான பொருளாகத்தான் பார்த்தார்கள். பின்னால் வந்த மாடல்களில் பொத்தான் போயிற்று. இரண்டாவது துளையும் போயிற்று. ஒரு பெண்ணின் ஆட்சேபணை கொஞ்ச காலம் ஒரு துளையாக இருந்து பிறகு அடைபட்டது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

இன்னொருவர் தையல் மெஷின் சிங்கரின் மனைவி. எந்திரங்களை எதிர்த்த காந்தி 1924இல் சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் கணவன் கண்டுபிடித்தது என்பது அவர் சொன்ன காரணம். சிங்கரின் நிஜ வரலாறு அத்தனை காதல் நிரம்பியதல்ல; அவர் வியாபாரி. கதை உண்மையா என்பதைவிட, அந்தக் கதையிலும் மெஷின் வந்த பிறகு தைப்பது அதே மனைவிதான் என்பது முக்கியம்.

இன்றைய சத்தம் அடக்கும் ஹெட்ஃபோனுக்கு வருவோம். அமர் போஸ் 1978இல் விமானப் பயணம் ஒன்றில் எஞ்சின் இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமல் போனபோது இந்த யோசனையில் இறங்கியதாகச் சொல்வார்கள். வெளிச் சத்தத்தை ஒரு மைக் வாங்குகிறது. அதற்கு நேர் எதிரான அலையைக் கருவி உண்டாக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரே சீரான, தாழ்ந்த ஒலிகளிடம்தான் இது நன்றாக வேலை செய்யும். எஞ்சின், ஃபேன், ஏசி மாதிரி. திடீரென்று வருகிற குரலை முழுக்க அழிக்க முடியாது. அந்த மிச்சத்தைப் பாட்டுப் போட்டு மூடுகிறோம். வெளிக்குரலை உள்ளே விடும் ஒரு வசதியும் இப்போதைய கருவிகளில் இருக்கிறது, மொரிட்டாவின் ஆரஞ்சுப் பொத்தானுக்குப் பேரப்பிள்ளை மாதிரி. ஆனால் அதைத் திறப்பதும் மூடுவதும் மாட்டியிருப்பவன் கையில். கூப்பிடுகிறவளுக்குப் பொத்தான் கிடையாது.

விமானத்தின் எஞ்சினுக்கு எதிராகப் பிறந்த கருவியை நாம் வீட்டில் யாருக்கு எதிராக மாட்டிக்கொள்கிறோம்? இரைச்சல் என்று நான் பெயரிட்டது வேலையின் சத்தம். பாத்திரம் தானாகச் சத்தம் போடுவதில்லை, அதை யாரோ கழுவுகிறார்கள்.

4

'அதான் மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வந்துடுச்சே' என்பது வழக்கமான பதில். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலின் வாதம் இந்த இடத்தில் உதவும். வீட்டுக்கு வந்த தொழில்நுட்பம் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த விறகு வெட்டுதல், மாவு அரைத்துவருதல் போன்ற வேலைகளை வீட்டிலிருந்து எடுத்துவிட்டது. பெண்ணின் வேலை மட்டும் தங்கிவிட்டது. அடுப்பு நவீனமாக நவீனமாகச் சாப்பாட்டில் வகைகளும் கூடின. நம்மூரிலும் அரிசி மில் வந்தது, உலக்கை போனது. ஆட்டுக்கல் இருந்த இடத்துக்குக் கிரைண்டர் வந்தது. முதுகு வலி குறைந்தது உண்மை. அதைக் குறைத்துப் பேசுகிற உரிமை, ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தே இராத எனக்குக் கிடையாது. ஆனால் அரிசி ஊறப்போடுவது யார், கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது யார் என்று கேட்டால் பதில் மாறவில்லை.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்கிறது. ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வேலை செய்கிற ஆண்களின் கணக்கு மட்டும். அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழ்வதற்குள் ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டது தெரிகிறது.

தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப் பிறகு இலவச கலர் டிவி, 2011 தேர்தலுக்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்கப்பட்டபோது, 'இலவசம் கொடுத்து ஜனங்களைக் கெடுக்கிறார்கள்' என்று டீக்கடையிலிருந்து இலக்கியக் கூட்டம் வரை பேசினார்கள். பேசியவர்களில் நானும் ஒருவன். ஏழைப் பெண்ணின் கிரைண்டர் 'இலவசம்', என் ஹெட்ஃபோன் 'தேவை'. எதைத் தேவை என்று அழைக்கலாம், எதை ஆசை என்று அழைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவனே வாங்குகிறவன்.

5

தோழர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "எல்லாம் நுகர்வுக் கலாச்சாரம்யா. எதையும் வாங்காதே, பிரச்சினை தீர்ந்தது" என்றார். தீராது. வாங்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. கொள்கைக்காக மிக்ஸி வாங்காத வீடுகளில் அம்மியில் அரைத்தது கொள்கை வகுத்தவர் அல்ல. நம் சிற்றிதழ் மரபே இதற்குச் சாட்சி. மனைவியின் நகையை அடகு வைத்துப் பத்திரிகை நடத்தியதை நாம் தியாகக் கதையாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். யாருடைய தியாகம் என்று கேட்டதில்லை. நகையாவது கண்ணுக்குத் தெரிந்தது. அச்சகத்துக்கும் கூட்டத்துக்கும் போன மாலைகளில் வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களின் மணிக்கணக்கு எந்தத் தலையங்கத்திலும் இல்லை. சிற்றிதழும் ஒருவகையில் பொழுதுபோக்குக் கருவிதான் என்றால் கோபம் வரும். எனக்கும் வருகிறது. ஆனால் அடுத்தவர் பொழுதை எடுத்துக்கொண்டு இயங்குவதில் இதற்கும் கேமராவுக்கும் என்ன வித்தியாசம்?

6

கடைசியில் ஹெட்ஃபோன் வாங்கினேன். வாங்கவில்லை என்று முடித்தால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பொய். வந்த அன்று மனைவி, "குடுங்க, முதல்ல நான் ஒரு மணி நேரம் போட்டுப் பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். பாட்டு எதுவும் போடவில்லை. மாட்டிக்கொண்டு மொட்டை மாடிப் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் மகள் என்னை எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று எண்ணினேன். பதினான்கு. அம்மா மூன்று. பால் ஒருமுறை பொங்கியது. ஒரு வாக்கியம்கூட எழுத முடியவில்லை. திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் கேக்கல. அழுகை வந்துடுச்சு" என்றாள். மேலே எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் அது அவளுடையது. அந்த நாட்களில் நான் எழுதுவதில்லை. சமையலறைக் கட்டுரை இன்னும் முடியவில்லை. இதை ஒரு தீர்வாக முன்வைக்கவில்லை. இரண்டு சம்பளம் வருகிற வீட்டில்தான் இதுவும் சாத்தியம். 26 ஆண்களில் ஒருவனாகிவிட்டேன் என்று பதக்கம் குத்திக்கொள்ளவும் விருப்பமில்லை. ஒரு கருவியின் விலையை ரூபாயில் கேட்பதோடு நிறுத்தாமல், அது எத்தனை மணி நேரம் கேட்கும், அந்த மணி நேரம் இப்போது யார் கையில் இருக்கிறது, அவர்களிடம் கேட்டாயிற்றா என்று விசாரிக்கலாம். எந்த வழிகாட்டியிலும் இந்தக் கேள்விகள் இல்லை.

இந்த இதழை நடத்துகிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அச்சு, அட்டை, மெய்ப்பு என்று நன்றி சொல்லும் பக்கத்தில், அவரவர் வீட்டில் அந்த மாதம் யார் எத்தனை மணி நேரம் கொடுத்தார்கள் என்று ஒரு கணக்கும் போடுங்கள். என் வீட்டுக் கணக்கை நான் எழுதித் தருகிறேன். அதை அவள் சரிபார்த்த பிறகு.