பொடி எழுத்து இலக்கியம்

போன வாரம் ஒரு நூலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்தேன். ஆசிரியர் பெயர் இல்லை. லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. படித்தவர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. கிரெடிட் கார்டோடு வருகிற 'மிக முக்கியமான நிபந்தனைகள்'தான் அது.

படிக்க வைத்தவன் ஒரு நண்பரின் மகன். வேலைக்குப் போய் மூன்று வருஷம்.

"ஒரு மாசம்கூடத் தவறினதில்லை அங்கிள். அறுபதாயிரம் கடன். அதுக்கப்புறம் கார்டைத் தேய்க்கவே இல்லை. ரெண்டு வருஷமா கட்டறேன், குறையவே மாட்டேங்குது. அவங்க கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

ஸ்டேட்மென்ட்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருந்தது. பையன் மாதாமாதம் கட்டியது 'மினிமம் டியூ', அதாவது பாக்கியில் 5 சதவிகிதம். முதல் மாதம் 3,000 ரூபாய். அதில் மூன்றரை சதவிகித வட்டி 2,100. வட்டிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 378. கடனில் கழிந்தது 522 ரூபாய். இப்படியே 24 மாதத்தில் சுமார் 65,000 கட்டியிருக்கிறான். பாக்கி இன்னும் 48,000 சொச்சம்!

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றான்.

இனி நூல் விமர்சனம். எழுத்து பொடியாக இருக்கிறது என்று குறை சொல்ல முடியாது. 12 பாயின்டுக்குக் குறையக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எழுத்து பெரிதாகிவிட்டது, அர்த்தம்தான் இன்னும் பொடியாக இருக்கிறது. 'மினிமம் டியூ' என்ற சொல்லையே பாருங்கள். இதைக் கட்டினால் போதும் என்று காதில் விழுகிறது. லேட் ஃபீஸிலிருந்து தப்பிக்கப் போதும், அவ்வளவுதான். 'வட்டியில்லாக் காலம்' என்பது இன்னொரு அழகான சொல். போன மாதப் பாக்கி கொஞ்சம் இருந்தாலும் அந்தச் சலுகை போய்விடும். இன்று வாங்கும் மளிகைக்கு இன்றிலிருந்தே வட்டி.

மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருஷக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கை ஸ்டேட்மென்ட்டில் இருக்கத்தான் செய்கிறது. உங்கள் கடன் எத்தனை வருஷம் இழுக்கும்? அந்த எண் இல்லை. அமெரிக்காவில் 2009-ல் வந்த சட்டப்படி, மினிமம் மட்டும் கட்டினால் எப்போது முடியும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒவ்வொரு பில்லிலும் அச்சடிக்க வேண்டும். இங்கேயும் அந்த ஒரு வரி இருந்திருந்தால் பையன் முதல் மாதமே விழித்துக்கொண்டிருப்பான்.

வட்டி அநியாயம் என்று கோர்ட்டுக்குப் போகலாமா? 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டியோடு மோதிப் பயனில்லை. கட்டணங்களோடு மோதலாம்.

எனக்கே நடந்தது. 'வாழ்நாள் இலவசம்' என்று தலையில் கட்டிய கார்டுக்கு வருஷ சந்தா 500, வரியோடு 590 என்று பில் வந்தது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, ஒன்றை அமுக்கி, நாலை அமுக்கி, இருபது நிமிஷம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் குரல், "இலவசம்னு எழுத்துல இருக்கா சார்?" என்றது. இருந்தது. ஈமெயிலில் அனுப்பினேன். அடுத்த பில்லில் பணம் திரும்பியது. பாடம்: போனில் பேசுவது காற்றோடு போகும். எழுதுங்கள், புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. கெடு தாண்டி மூன்று நாளுக்குள் கட்டியும் லேட் ஃபீஸ் போட்டிருந்தால், தாராளமாகத் திரும்பக் கேட்கலாம்.

பையன் விஷயம் எப்படியோ அவன் அம்மா காதுக்குப் போய், இரண்டு வளையல் பாங்குக்குப் போயின. நகைக்கடன் வட்டி இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கார்டு பாக்கி முழுசும் தீர்ந்தது.

"கார்டை வெட்டிப் போட்டுடட்டுமா அங்கிள்?"

"வெட்டினா பிளாஸ்டிக்தான் போகும், கணக்கு இருக்கும். மூடச் சொல்லி எழுதிக் குடுப்பா."

பாக்கி இல்லாத கணக்கை ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. பையன் எழுதிக் கொடுத்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். ஒரே ஒரு தடவையாவது லேட் ஃபீஸ் அந்தப் பக்கத்திலிருந்து வரட்டுமே என்று அவனுக்கு ஆசை.