பட்டையும் பட்டாசலும்: ஓர் உள்ளலங்காரக் கையேட்டை முன்வைத்து

2025 ஜூலை 7-ஆம் தேதி திருச்செந்தூர் கோயில் குடமுழுக்குக்கு வந்த சொந்தக்காரர்களைப் படுக்க வைக்க இடமில்லாமல் திண்டாடினோம். அப்போதுதான் எங்கள் பழைய வீட்டைச் செப்பனிட வேண்டும் என்ற பேச்சே எழுந்தது. நான் இருப்பது பெங்களூரில். ஊரில் அம்மா மட்டும்தான். கொத்தனார், ஆசாரி என்று ஆள் தேடி அலைய முடியாது, ஒரே இடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு இன்டீரியர் டிசைன் குழுவிடம் பேசினேன். பேர் வேண்டாம். நல்ல பிள்ளைகள்தான், வேலையும் சுத்தம். இந்தக் குறிப்பு அவர்கள் செய்த வேலையைப் பற்றியது அல்ல. முன்பணம் கட்டியதும் அனுப்பி வைத்தார்களே ஒரு 24 பக்க பிடிஎஃப், அதைப் பற்றியது.

கையேட்டில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி 'ஊர்ச்சுவை': வேலை நடக்கும் நாட்களில் நீங்களும் விருந்தினர்களும் எங்கே சாப்பிடலாம், உங்கள் டைனிங் மேசையில் உள்ளூர் மணத்தை எப்படிக் கொண்டுவரலாம். இரண்டாம் பகுதி 'வீட்டுக் கலை': எந்தச் சுவரில் என்ன மாட்டலாம், எந்த மூலையில் என்ன வைக்கலாம். இரண்டும் நல்ல தாளிப்பான நடையில் இருந்தன. முதல் வாசிப்பில் எனக்குப் பிடித்தே இருந்தது. இரண்டாம் வாசிப்பில்தான் தொழில் புத்தி வேலை செய்தது. இது டெம்ப்ளேட் மாதிரி இருக்கே?

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஃபைலை எடுத்து 'திருச்செந்தூர்' என்று வரும் இடத்திலெல்லாம் 'நாகப்பட்டினம்' என்று மாற்றினேன். வெறும் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ். கடற்காற்று நின்றது, கோயில் மணி நின்றது, மீன் வறுவல் நின்றது, தஞ்சாவூர் ஓவியம் இன்னும் உறுதியாகவே நின்றது. முருகனாவது உதைப்பார் என்று பார்த்தேன். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிக்கல் சிங்காரவேலர் இருக்கிறார், அவரும் சரியாகப் பொருந்திவிட்டார்! மாறிய ஊரில் பொய்யாகிப்போனது திருநெல்வேலி அல்வா பற்றிய ஒரு பத்தி மட்டும்தான்.

ஒரு ஊரைப் பற்றி எழுதியது இன்னொரு ஊருக்கும் பொருந்தினால் அது குற்றமா என்று கேட்கலாம். குற்றமில்லை. ஆனால் தலைப்பில் 'உள்ளூர்' என்று போட்டுவிட்டால் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சமாவது கடன்பட்டிருக்க வேண்டும் இல்லையா?

பட்டாசலில் இருந்த படத்தில் தொடங்குகிறேன். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் தெருவிலிருந்து ஏறினால் தார்சா, அடுத்தது பட்டாசல். வீட்டின் முகம் அதுதான். அங்கே கண்ணாடிச் சட்டகத்தில் வள்ளி தெய்வானையோடு நிற்கும் முருகன். பின்னால் ஒரு அருவி, காலடியில் மயில், வானத்தில் இந்த ஊரில் யாரும் கண்டிராத ஒரு ரோஸ் நிறம். கையேட்டின்படி இந்த மாதிரிப் படங்கள் 'காட்சி நெரிசல்'. அவற்றைப் பூஜை அறைக்கு மாற்றிவிட்டு அந்தச் சுவரில் ஒரு தஞ்சாவூர் ஓவியமோ, ராஜஸ்தானத்துப் பிச்வாய் துணி ஓவியமோ மாட்டலாம். ஆட்கள் வந்து படத்தை இறக்கியபோது அம்மா எனக்கு ஃபோன் போட்டாள். "ஏலே, அவிய அந்தப் படத்த எங்கலே கொண்டு போறாவ? உங்க தாத்தா மாட்டுன ஆணியில்லா அது."

நான் என்ன பண்ணினேன்? அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய்ப் படத்தைச் சட்டகத்திலிருந்து பிரித்துப் பார்த்தேன். அது காலண்டர். கீழே தேதித்தாள் இருந்த இடத்தைக் கத்தரித்திருக்கிறார்கள். தூத்துக்குடி ஜவுளிக்கடை ஒன்றின் பெயரில் பாதி மிச்சம். 1968. மூலையில் டி.எஸ். சுப்பையா என்று கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வந்து நிற்பது கோவில்பட்டியில். சி. கொண்டைய ராஜு (1898–1976) என்ற ஓவியரின் மாணவர் சுப்பையா. கொண்டைய ராஜு சென்னையில் முறையாக ஓவியம் படித்தவர். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1940-களில் கோவில்பட்டியில் தங்கி, மாணவர்களோடு தேவி ஆர்ட் ஸ்டுடியோ நடத்தினார். பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள். இவர்கள் வரைந்ததை அவை லட்சக்கணக்கில் அச்சடிக்க, கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்க, வருஷம் முடிந்ததும் வீட்டுக்காரர்கள் தேதியை வெட்டி எறிந்துவிட்டுச் சட்டகம் போட்டார்கள். படத்திலிருக்கும் அந்த அருவியும் ரோஸ் வானமும் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிகிறதல்லவா? நாடகத் திரைச்சீலையிலிருந்து! முருகன் எங்கள் பட்டாசலில் நிற்பது ஒரு மேடையின் மேல்.

கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் 1995-இல் கொண்டைய ராஜுவைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பின் பொருள், சட்டகம் போடத் தகுந்தவை என்பது. எங்கோ இருந்து வந்த ஒருவருக்குத் தகுந்ததாகத் தெரிந்தது, திருச்செந்தூரிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வரையப்பட்ட ஒன்று, உள்ளூர்க் கலை பற்றிய கையேட்டுக்கு நெரிசலாகத் தெரிகிறது. நான் மட்டும் யோக்கியமா? நாற்பது வருஷமாக அந்தப் படத்துக்குக் கீழேதான் செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். ஆட்கள் அதை இறக்காமல் இருந்திருந்தால் கையெழுத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

பிச்வாயையும் தஞ்சாவூர் ஓவியத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தஞ்சாவூர் ஓவியம் பலகை, துணி, சுண்ணப் பூச்சு, தங்க ரேக்கு என்று அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. உப்புக்காற்றும் ஈரமும் வருஷம் பூராவும் வீசும் வீட்டில் அதை எந்தச் சுவரில் மாட்டக் கூடாது என்று சொல்வதுதான் உண்மையான குறிப்பு. பித்தளை உருளியில் பூ மிதக்கவிடச் சொல்பவர்கள், கடலோரத்தில் அதை வாரா வாரம் புளி போட்டுத் தேய்க்கப்போவது யார் என்றும் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டு வயது அம்மாவா?

இனி சாப்பாட்டுப் பகுதி. கடல் தெரியும் மாடி உணவகம், குளிர்சாதன சைவ உணவகம், பரோட்டாக் கடை என்று ஒரு பட்டியல். தப்பில்லை. இந்தக் கோயிலில் 2021 செப்டம்பரிலிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. ஊருக்கு வரும் எத்தனையோ பேரின் சாப்பாடு அதுதான், பட்டியலில் அது இல்லை. ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பவர்களால் ஊர் நிறைந்திருக்கும், பாதி வீடுகளில் அடுப்பின் போக்கே மாறிவிடும். அதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. டைனிங் மேசைக்குச் சொன்ன யோசனைதான் உச்சம். வாழை இலை வடிவத்தில் சிலிக்கான் டேபிள்மேட். புறவாசலில் நாலு வாழை நிற்கும் வீட்டுக்கு!

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் எனக்கு இதில் உறுத்துவது வேறு. சாப்பாடு ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று கையேடு பிரித்திருக்கிறதே, இந்த ஊரைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினையே தப்பு. திருச்செந்தூருக்குத் தெற்கே போனால் செம்மண் தேரிக்காடு. அதில் நிற்பது பனை. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மரத்தின் குருத்தோலையைக் காயவைத்து, வகிர்ந்து, சாயம் ஏற்றினால் மணப்பாட்டுப் பெண்கள் முடையும் பெட்டி. நாரில் செய்தால் நார்ப்பெட்டி. முற்றிய மரத்தை அறுத்தால் கூரைக்குப் பனங்கை. எங்கள் வீட்டுப் பழைய ஓட்டுக்கூரை நின்றது பனங்கையில்தான்.

பதநீரை எதில் குடிப்போம்? பட்டையில். பச்சை ஓலையை மடித்து, ஒரு பக்கம் முடிச்சுப் போட்டு, நுங்கைப் போட்டுக் கையில் கொடுப்பார்கள். ஓலையின் மணம் பதநீரில் ஏறியிருக்கும். கண்ணாடி டம்ளரில் அதே பதநீர் வேறு பதநீர். திருக்கார்த்திகைக்கு அம்மா செய்யும் ஓலைக்கொழுக்கட்டையும் அப்படித்தான்: பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்ப்பூ, ஏலம், எல்லாவற்றையும் பனங்குருத்தோலைக்குள் வைத்து மூடி அவிப்பது. ஓலை அங்கே பாத்திரம், அதுவே மசாலா. சில்லுக்கருப்பட்டி வருவது ஓலைக்கொட்டானில், கருப்பட்டி தீர்ந்ததும் கொட்டானில் பூண்டு இருக்கும். இதில் எது 'டைனிங்', எது 'ஆர்ட்'? கையேட்டின் 19-ஆம் பக்கத்தில் ஓலைப்பெட்டி வருகிறது, சுவரில் ஆணியடித்து ஒன்பது பெட்டிகளை வட்டமாக மாட்டிய படத்தோடு. பெட்டிக்குள் ஒன்றும் வைக்க முடியாது. எங்கே கிடைக்கும், யார் முடைகிறார்கள், என்ன விலை கொடுத்தால் நியாயம், ஒன்றும் கிடையாது. மணப்பாடு வீட்டிலிருந்து 20 கிலோமீட்டர்கூட இல்லை.

இதில் வேடிக்கை, கையேடு பரிந்துரைக்கும் பாணியின் பெயர் 'ஜப்பாண்டி', அதாவது ஜப்பானும் ஸ்காண்டிநேவியாவும் கலந்தது. அந்த ஜப்பானில்தான் யானகி சொயெட்சு என்பவர் 1925 வாக்கில் தன் நண்பர்களோடு சேர்ந்து 'மிங்கெய்' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். பெயர் தெரியாத கைவினைஞர்கள் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த கிண்ணம், கூடை, துணி இவற்றின் அழகு புழங்குவதிலிருந்தே வருகிறது என்பது அவர் கட்சி. அவற்றுக்கென்றே 1936-இல் டோக்கியோவில் ஒரு அருங்காட்சியகமும் திறந்தார். ஆக, ஜப்பானிலிருந்து வெளிர் மரநிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு யோசனையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஆச்சியின் பாய் விஷயத்தில்தான் எனக்கே குழப்பம். பத்தமடைப் பாய், அவள் கல்யாணத்துக்குப் போட்டது. ஓரத்தில் மாப்பிள்ளை, பெண் இருவர் பெயரும் நெய்தது. 'இதைக் கண்ணாடிக்குள் சட்டகம் போட்டு ஸ்பாட்லைட் அடிக்கலாம் சார்' என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. பாய் விரிப்பதற்கு. தவிர, மேற்குச் சுவரில் வெயிலும் விளக்கும் பட்டால் சாயம் வெளுத்துவிடும்.

கோபம் தணிந்த பிறகு ஒரு நாள் பத்தமடைக்குப் போனேன். சேரன்மகாதேவிக்குப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையைக் காயவைத்து, வகிர்ந்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உப்பியதை மறுபடி காயவைத்து இன்னும் மெல்லிசாகக் கிழிக்கிறார்கள். பருத்தி அல்லது பட்டுப் பாவில் நெய்கிறார்கள். 100, 120 கவுண்ட் என்று நயம் ஏற ஏற ஒரு பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள்தான் நெசவு. பிளாஸ்டிக் பாயும் மிஷின் பாயும் வந்தபிறகு அந்த நயத்துக்கு உட்காருபவர்கள் குறைந்துபோனார்கள். "பாயை வாங்கிட்டுப் போயி பத்திரமா வச்சிருக்காங்க, தேய்ஞ்சாத்தானே அடுத்தது வாங்குவாங்க" என்று அங்கே ஒரு அம்மா சொன்னார்கள். சட்டகம் போடுவதற்கு எதிராக இதைவிட நல்ல வாதத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், ஆச்சியின் பாயைப் பத்து வருஷமாகப் பரணில் எலிக்கு விட்டு வைத்தவன் நான்தான். ஒரு முனையைக் கடித்தும் இருக்கிறது. அதைத் தூசி தட்டி எடுத்து, 'சார், இது என்ன, இவ்வளவு நல்லாருக்கு' என்று முதலில் கேட்டது அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண். கண்ணு இருந்தது அவங்களுக்கு. கையேட்டுக்குத்தான் இல்லை. சாப்பாட்டு மேசையைப் புறவாசல் ஜன்னலை ஒட்டிப் போடச் சொன்னதும் அவர்தான், அங்கே இப்போது மத்தியானம்கூட ஃபேன் தேவைப்படவில்லை.

கடைசியில் முருகன் அதே ஆணிக்குத் திரும்பிவிட்டார். ஆணி துருப்பிடித்திருந்தது என்று ஆசாரி பித்தளைத் திருகு ஒன்றை முறுக்கினார், அம்மாவுக்கு அதில் இன்னும் மனத்தாங்கல். ஆச்சியின் பாயை மஸ்லின் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டு, விரிப்பதற்குப் பத்தமடையில் புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறேன். பால் காய்ச்சும் அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க மணப்பாட்டில் ஐம்பது ஓலைப்பெட்டிகளுக்கும் சொல்லியாச்சு, உள்ளே கருப்பட்டி. அந்தப் பெண் வாட்ஸப்பில் கேட்டார்: 'பெட்டி எங்க சார் வாங்கினீங்க? வெண்டர் நம்பர் கிடைக்குமா?' போகும் வழியைச் சொல்லிவிட்டு, நேரில் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துட்டு வாங்கம்மா என்றேன். போனாரா என்று தெரியவில்லை. அடுத்த வாடிக்கையாளர் யாராவது கையில் அந்த பிடிஎஃப்-இன் புதுப் பதிப்பு கிடைத்தால் 19-ஆம் பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.