பட்டியல் யார் தலையில்?

தீபாவளித் துணியை இணையத்தில் எடுப்பது பெண்ணுக்கு விடுதலை என்கிறார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலும் இடிமன்னர்களும் இல்லை. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நாத்தனாருக்கு எந்த நிறம் ஆகாது, மாமனாருக்கு நாலு முழமா எட்டு முழமா என்பதெல்லாம் இன்னும் நம் தலையில்தான். திருப்பி அனுப்ப வேண்டியதைக் கட்டிவைத்துக் கூரியருக்காகக் காத்திருப்பதும் நாம்தான். இதே வேலையைச் சாக்கிட்டு அம்மாவும் சித்தியும் ஒரு நாள் முழுக்க தி.நகரில் சுற்றினார்கள், ஓட்டலில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். நாம் குக்கர் விசில்களுக்கு நடுவே முடித்துவிடுகிறோம்.

கடையில் எதிரே நின்ற பெண்ணையும் இப்போது பார்ப்பதில்லை. 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தது; கடை ஊழியர்களுக்கு இருக்கை தரச் சட்டம் திருத்தப்பட்டது 2021இல். கிடங்கில் நம் புடவையைப் பொட்டலம் கட்டுகிறவளுக்கு நாற்காலி இருக்கிறதா? செல்போன் திரையில் புடவை மட்டும்தான் தெரிகிறது.