0.7 என்ற எண் சொல்லாதது

செல்லுலோஸ் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் வினைக்கு இடம்தரும் ஹைட்ராக்சில் தொகுதிகள் மூன்று. அவற்றில் சராசரியாக எத்தனை மாற்றப்பட்டன என்பதே பதிலீட்டு வீதம். பற்பசையைக் கெட்டிப்படுத்தும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸை (சி.எம்.சி.) வாங்குபவர் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இதை அளக்கும் பழைய வழி தரம்பார்த்தல். மாதிரியை ஆல்கஹாலில் அமிலத்தோடு கலக்கி, சோடியத்தை நீக்கி, கழுவி உலர்த்தி, அளந்த காரத்தில் கரைத்து, மிஞ்சிய காரத்தை அமிலத்தால் கணக்கிடுகிறார்கள். பியூரெட்டும் பொறுமையும் போதும். சிறிய ஆலைகூடச் செய்யலாம். இதன் பலவீனம் கழுவுதலில் இருக்கிறது. அமிலம் தங்கிவிட்டால் எண் ஏறும். தயாரிப்பில் உண்டான உப்பு தங்கினால் இறங்கும். மாதிரியில் 10 சதவீத ஈரம் இருப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், உண்மையில் 0.7 ஆக இருப்பது 0.61 என்று வரும். அதிகமாக உலர்த்தினாலும் சிக்கல்தான்: அமிலத் தொகுதிகள் பக்கத்து ஹைட்ராக்சிலோடு சேர்ந்து லாக்டோனாகி, காரத்துக்கு உடனே பிடிகொடுக்காமல் போகின்றன.

அகச்சிவப்பு நிறமாலையைப் பலர் குறுக்குவழியாக்குகிறார்கள். 1600 செ.மீ⁻¹ அருகில் வரும் கார்பாக்சிலேட் பட்டையின் உயரத்தை வேறொரு பட்டையால் வகுத்து, அதையே பதிலீட்டு வீதம் என்று எழுதிவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. உறிஞ்சிய நீரின் பட்டை 1640 அருகில் வந்து அதன்மேல் படிகிறது. வேறு முறையில் அளந்த மாதிரிகளைக் கொண்டு அளவுக்கோடு வரையாதவரை, அந்த விகிதம் கூடக்குறைய என்பதை மட்டுமே காட்டும்.

மாதிரியைக் கனஹைட்ரஜன் கொண்ட கந்தக அமிலத்தில் சிதைத்து அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் வைத்தால், இரண்டாம், மூன்றாம், ஆறாம் கார்பன்களில் எங்கே எவ்வளவு பதிலீடு என்று பிரித்தறியலாம். சி.எம்.சி.யில் மூன்றாம் இடம் பெரும்பாலும் பின்தங்கும். எஞ்சிய உப்பு குறுக்கிடாத வரை, கழுவுதல் பிழையும் இங்கே குறைவு. கருவியின் விலைதான் தடை.

ஆனால் சங்கிலியை அலகுகளாக உடைத்தபின் அதன் வரிசை தொலைந்துவிடுகிறது. 0.7 உள்ள இரண்டு மாதிரிகளில் ஒன்று தெளிவாகக் கரையலாம். மற்றது நார்நாராக, கட்டிகட்டியாக நிற்கலாம். அதில் பதிலீடு படாத நீண்ட துண்டுகள் இருக்கக்கூடும். சிதைத்த கரைசலைத் திரவ நிறப்பிரிகைக்கு உட்படுத்தி, பதிலீடற்ற குளுக்கோஸின் பங்கை 1939இல் வேதியியலாளர் ஸ்பர்லின் தந்த புள்ளியியல் மாதிரியோடு ஒப்பிட்டால், அது எதிர்பார்த்ததைவிட மிகுந்திருப்பது தெரியும். செல்லுலேஸ் நொதியோ அத்துண்டுகளையே தேடி வெட்டுகிறது. வெட்டுண்டு உதிரும் சர்க்கரையின் அளவைக் கொண்டு, சங்கிலி எங்கெங்கே வெறுமையாக இருந்தது என்று ஊகிக்கலாம்.