எழுத்துச்சரமும் வாத்து நியாயமும்

பொருளொன்றின் குலத்தை வினவாது அதன் தொழிலை மாத்திரம் நோக்கும் இயல்பு பைதன் நிரலாக்க மொழிக்கு உண்டு. வாத்தைப்போல் நடந்து வாத்தைப்போல் கத்துவதை வாத்தென்றே கொள்ளலாம் என்னும் இக்கொள்கையை 'வாத்து நியாயம்' எனலாம். வகையைச் சோதித்து வாயிலில் மறிப்பது தேவையற்ற காவல் என்பது இக்கொள்கையினர் வாதமாகும்.

இவ்வாதம் எழுத்துச்சரத்தின் முன் இடறுகின்றது. கோப்புப் பெயர்களின் பட்டியலை எதிர்பார்க்கும் செய்நிரலுக்கு ஒரு பெயரை மட்டும் கொடுப்பின், அது மறுக்காது ஏற்று, அப்பெயரின் ஒவ்வோரெழுத்தையும் தனிக்கோப்பாகக் கருதித் தேடும். உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தருக என்னும் வேண்டுகோளுக்குப் பட்டியலைப் போலவே சரமும் இணங்குவதே இதற்குக் காரணம். அன்றியும், சரத்தின் உறுப்பும் சரமே. ஆதலால், பட்டியலுக்குள் பட்டியலாக அமைந்தவற்றைப் பிரித்துச் செல்லும் செய்நிரல் ஓரெழுத்தை அடைந்த பின்னரும் அதனையே மீண்டும் மீண்டும் பிரிக்க முயன்று, ஈற்றில் மொழி விதித்த எல்லையில் முறிந்து நிற்கும். இவ்விடத்தில் 'நீ சரமா?' என வினவுதல் குற்றமன்று, இன்றியமையாததே.

ஆயினும் எவ்வாறு வினவுவது? 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 2.0 பதிப்பில் 'ஸ்ட்ர்' என்னும் பழைய சரவகைக்கு அருகே 'யூனிகோட்' என்னும் புதுவகை சேர்ந்தது. 'ஸ்ட்ர்' ஒன்றையே சரமெனக் கொண்ட செய்நிரல்கள் யூனிகோட்டில் வந்த தமிழைச் சரமன்றென ஒதுக்கின. இரண்டுக்கும் பொதுவான 'பேஸ்ஸ்ட்ரிங்' என்னும் மூலவகை 2003இல், 2.3 பதிப்பிலேயே கிடைத்தது.

வாத்து நியாயத்தாரும் இங்கு மகிழ்வதற்கில்லை. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால், யூடிஎஃப்-8 பைட்டுகளாலான பழைய சரம் 15 என்னும். யூனிகோட் சரம் 5 என்னும். (மூன்றெழுத்து என்னும் இலக்கணக் கணக்கை இரண்டுமே அறியா.) வினா ஒன்றே, விடையின் பொருளோ வேறு. இவ்விருவகைச் சரங்களையும் ஒட்டியபோது ஆங்கில எழுத்துகள் தடையின்றி இணைந்தன; பழைய சரத்தில் தமிழ் இருந்தபோதோ வழு பிறந்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தோர் கண்ணில் இக்குறை படவேயில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

2008இல் வந்த 3.0 பதிப்பு பைட்டுகளையும் எழுத்துகளையும் வெவ்வேறாகப் பிரித்து, பேஸ்ஸ்ட்ரிங்கையும் நீக்கியது. அவற்றை ஒட்ட முயன்றால் எம்மொழியாயினும் வழுவே. இம்மாற்றத்தால் பழைய செய்நிரல்கள் பல திருத்தம் வேண்டி நின்றன. எனினும் அது நேர்மையான மாற்றமே. சரத்தைப்போல் நடக்குமாறு அம்மொழியே ஆக்கித்தந்த 'யூசர்ஸ்ட்ரிங்' என்னும் பொருளை, அதே மொழியின் சரங்களைக் கோக்கும் 'ஜோயின்' செயல் இன்றும் சரமன்றென மறுக்கின்றது.