காசு கொடுத்தவனுக்கு மட்டும் பூட்டு

ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். எதிர்வீட்டுப் பையன் அதையே ஓசியில் இறக்கிக்கொள்கிறான். தொல்லை யாருக்கு? சந்தேகமென்ன, உங்களுக்குத்தான்.

2008-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘ஸ்போர்’ ஞாபகமிருக்கிறதா? ஒரு செல் உயிரில் தொடங்கி விண்வெளி வரை போகும் அபாரமான கற்பனை. கூடவே ஒரு பூட்டு. மூன்று தடவைதான் ஆக்டிவேட் செய்யலாம். கொதித்துப்போன ஜனங்கள் அமேசானில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் குத்தினார்கள். திருட்டுப் பிரதியோ, வட அமெரிக்கக் கடைகளுக்குச் சரக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதில் பூட்டும் இல்லை, கணக்கும் இல்லை.

2010-ல் யூபிசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. ‘அசாசின்ஸ் க்ரீட் 2’ ஆட, நெட் இணைப்பு அறுபடாமல் இருக்கவேண்டும். மார்ச் மாதம் கம்பெனி சர்வரே படுத்துக்கொள்ள, முறையாக வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்காகப் பூட்டே கூடாது என்று சொல்லிவிட முடியுமா? 2013-ல் ‘கேம் டெவ் டைகூன்’ என்ற விளையாட்டைச் செய்த சின்னஞ்சிறு கம்பெனி, திருட்டுப் பிரதி ஒன்றைத் தானே இணையத்தில் விட்டுப் பார்த்தது. முதல் நாள் ஆடியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஓசி கிராக்கிகள். வயிற்றெரிச்சல் நியாயம்தானே?

வியாபாரக் கணக்கைப் பாருங்கள். சினிமா மாதிரிதான். பெரிய விளையாட்டுகளுக்கு வசூலின் கணிசமான பங்கு முதல் சில வாரங்களிலேயே வந்துவிடும். பூட்டு அந்த நாள்களைக் காப்பாற்றினால் போதும். 2016 மே மாதம் வந்த ‘டூம்’ அப்படித்தான் செய்தது. டெனுவோ என்ற பூட்டோடு வந்தது, டிசம்பரில் கழற்றிவிட்டார்கள். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

கழற்றாவிட்டால் என்ன ஆகும்? 2014-ல் வந்த ‘தி க்ரூ’ கார் பந்தயத்தின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் மூடியது. தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவைப்பட்ட விளையாட்டு அது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், வெறும் பிளாஸ்டிக் தட்டாகிவிட்டது.

ஆகவே, பூட்டுங்கள் ஐயா, தப்பில்லை. ஆனால் திறக்கிற தேதியையும் அட்டையிலேயே அச்சடித்துவிடுங்கள். மருந்து பாட்டிலுக்கே தேதி போடுகிறார்கள். பூட்டுக்குப் போடக்கூடாதா?